வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கடிதம் போடுங்கள்: ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்டிக் கடன் கொடுக்கும் நிறுவனங்களை நடத்துகிற ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் சின்னதாக ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று வருகிறவர்களுக்கு நடுவில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு கவரோடு வந்து நிற்பார்கள். கூட்டம் குறைகிற வரைக்கும் ஓரமாகக் காத்திருந்துவிட்டு, "பாப்பா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று மெதுவாக நீட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அது உங்கள் கடிதம்தான். முழுக்க ஆங்கிலம். இரண்டு பக்கம் நெருக்கி அடித்த சட்ட வாசகம், கடைசியில் ஒரு தொகை. அந்தத் தொகையை மட்டும் அவர்களே படித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். மற்றதில் ஏதாவது ஒரு வழி எழுதியிருக்காதா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஆறு வருடமாக உங்கள் கடிதங்களைப் படித்துச் சொல்கிறேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது போன வருடம், என் தாய்மாமாவின் குட்டியானையை, அதுதான் அவருடைய சின்னச் சரக்கு வண்டியை, கடன் கொடுத்த நிறுவனம் எடுத்துக்கொண்டு போன பிறகுதான். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்த ஆறு வருடத்தில் நான் பார்த்த வரைக்கும் கவரின் மேலே உள்ள பெயர் மாறினாலும் உள்ளே நடந்தது ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாமா கள்ளிமந்தையம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றுகிறவர். இருபது வருடம் அடுத்தவர் வண்டியில் டிரைவராக இருந்துவிட்டு, முதல் தடவையாகச் சொந்தமாக ஒன்று எடுத்தார். நாலரை லட்சம் கடன், 48 டியூ, மாதம் 13,125 ரூபாய். வட்டி பத்து சதவீதம் என்றுதான் ஷோரூமில் சொன்னார்கள். அது பிளாட் வட்டி, அதாவது கடைசி வரைக்கும் முழுக் கடனுக்கும் போடுகிற வட்டி, கட்டக் கட்ட அசல் குறைவதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால் வருடத்துக்குப் பதினேழரை சதவீதத்துக்கு மேலே வரும் என்பதை அவருக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் உண்மையான வருட வட்டியைப் போட்டு ஒரு விவரத்தாள் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. நல்ல விஷயம். மாமா அதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

31 டியூ ஒழுங்காகக் கட்டினார். ரசீதெல்லாம் அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்றுவிடாமல் நான் எண்ணிப் பார்த்தேன். அப்புறம் தக்காளி விலை விழுந்தது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, கிலோ மூன்று ரூபாய்க்கும் நாலு ரூபாய்க்கும் போனால் பறிகூலிக்கே கட்டாது, செடியோடு விட்டுவிடுவார்கள், ஆட்டை ஓட்டி மேயவிடுவார்கள். பறிக்காத தக்காளிக்கு வண்டி எதற்கு? லோடு இல்லை. அதே மாதத்தில் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்சூரன்ஸும் சேர்ந்து வந்தது. மூன்று டியூ நின்றது. 39,375 ரூபாய்.

நாலாவது மாதம் விலை ஏறி லோடு திரும்ப ஆரம்பித்த முதல் வாரம். விடியற்காலை நாலரை மணி, 42 பெட்டி தக்காளி ஏற்றிக்கொண்டு வருகிறார், டீ குடிக்க ஓரம் கட்டியிருக்கிறார். இரண்டு பைக்கில் மூன்று பையன்கள். ஒருத்தன் கையில் போன், அதில் வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணைத் தட்டினால் யார் எத்தனை டியூ பாக்கி என்று வந்துவிடுகிறது. இன்னொருத்தன் நேராகப் போய்ச் சாவியை உருவிவிட்டான். "தம்பி, ஏத்துன லோடையாவது மார்க்கெட்டுல இறக்கிட்டு வந்துர்றேன், நீயும் கூடவே உக்காந்து வா" என்று மாமா கேட்டிருக்கிறார். கேட்கவில்லை. 42 பெட்டியையும் ரோட்டோரத்தில் இறக்கி வைத்தார்கள், இறக்குகிற அவசரத்தில் நாலைந்து பெட்டி வண்டிக்குள்ளேயே கொட்டிவிட்டது. கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதையும் பிறகு நான்தான் படித்துச் சொன்னேன். "கடனைக் கட்ட இயலாத காரணத்தால் வாகனத்தை நானே முன்வந்து ஒப்படைக்கிறேன்" என்பதுதான் அதன் சாரம்.

ஐயா, ஒருவர் தானாக முன்வந்து வண்டியை ஒப்படைக்க நினைத்தால், அதை ஏன் லோடோடு, விடியற்காலையில், டீக்கடை வாசலில் செய்கிறார்?

நான் கடன் தள்ளுபடி கேட்டு இதை எழுதவில்லை. வாங்கின கடனைக் கட்ட வேண்டும், அதில் எங்கள் வீட்டில் யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. நீங்கள் கொடுப்பதும் யாரோ டெபாசிட் போட்ட பணமாகவோ, வங்கியில் நீங்கள் வட்டிக்கு வாங்கிய பணமாகவோதான் இருக்கும். வண்டியை ஒளித்து வைக்கிறவர், இன்ஜினைக் கழற்றி விற்கிறவர், வெளி மாநிலத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறவர் எல்லாம் இருக்கிறார்கள், எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். வண்டியை எடுக்கும் உரிமை உங்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படி எடுக்கிறீர்கள், எடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எனக்குச் சட்டப் படிப்பெல்லாம் கிடையாது. மாமாவுக்காக வக்கீல்களிடம் கேட்டும், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதுதான். உங்களைப் போன்ற நிறுவனங்களின் கடன் ஒப்பந்தத்தில் வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழ்நிலையில் நோட்டீஸ் இல்லாமல் எடுக்கலாம், எப்படி எடுப்பது, விற்பதற்கு முன் கடனைக் கட்ட ஒரு கடைசி வாய்ப்பு, கட்டினால் வண்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது, எப்படி ஏலம் விடுவது என்பதெல்லாம் இருந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலையும் கடன் வாங்கியவரிடம் கொடுக்க வேண்டும். மாமாவிடம் நகல் இல்லை. கிளையில் போய்க் கேட்டால் "ஹெட் ஆபீஸ்ல இருக்கு" என்றார்கள். மாதங்கள் கழித்து ஒருவழியாகக் கிடைத்தபோது பார்த்தால், அதில் எல்லாமே இருக்கிறது. ஏழு நாள் நோட்டீஸும் இருக்கிறது, கடைசி வாய்ப்பும் இருக்கிறது. பதினாறாம் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில்.

அடியாட்களை வைத்துப் பலவந்தமாக வண்டியைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே ஒரு பெரிய வங்கி சம்பந்தப்பட்ட வழக்கில் சொல்லிவிட்டது. 2023ல் பாட்னா உயர் நீதிமன்றம், வசூல் ஏஜென்ட்கள் வழிமறித்து வண்டியைப் பறிப்பது வாழ்வாதார உரிமையையே மீறுவது என்றது. பாக்கி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் போன்கூடச் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. போன் பண்ணவே கூடாத நேரத்தில் சாவியைப் பிடுங்கலாமா?

அதே 2022 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக்கில் என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் ஒரு விவசாயியின் டிராக்டரை எடுத்துப்போக வந்த இடத்தில், அவருடைய மகள், கர்ப்பிணி, டிராக்டர் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அந்த நிறுவனம் வெளியாட்களை வைத்து வண்டி எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது, சில மாதங்களில் தடை நீங்கியது. நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் 2016ல் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீஸ்காரர்களே அடித்து இழுத்த வீடியோவை ஊரே பார்த்தது. வண்டி எடுப்பதற்கு முன்னால் ஸ்டேஷனில் நீங்கள் கொடுக்கும் தகவல் கடிதம் வெறும் தகவல்தான், அது அனுமதி ஆகாது. ஆனால் ரோட்டில் நிற்கிற டிரைவரிடம் உங்கள் பையன்கள் "ஸ்டேஷன்ல சொல்லிட்டுத்தான் வந்திருக்கோம்" என்று அதைத்தான் காட்டுகிறார்கள், அவரும் பயந்து இறங்கிவிடுகிறார்.

வங்கியிலோ பெரிய நிதி நிறுவனத்திலோ சொத்தை அடமானம் வைத்துப் பெரிய கடன் வாங்கியவருக்கு 2002ல் வந்த சர்ஃபாசி சட்டம் இருக்கிறது. அதில் சொத்தைத் தொடுவதற்கு முன் 60 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர் ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். கையகப்படுத்திய பிறகும் 45 நாளுக்குள் அவர் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தச் சட்டத்திலும் ஆயிரம் குறை இருக்கிறது, வீடு இழந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அதை இன்னொரு நாள் எழுதலாம். ஆனால் நிதி நிறுவனங்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டமே 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்குத்தான். நாலரை லட்சத்துக்குக் குட்டியானை எடுத்தவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அவருக்கு என்ன பாதுகாப்பு உண்டோ அது பெரும்பாலும் உங்கள் ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வைத்ததுதான். அதனால்தான் கோர்ட்டுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சரி, வண்டியை எடுத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஆறாவது நாள் மாமா மூன்று டியூவுக்கான பணத்தைப் புரட்டிவிட்டார். அத்தையின் தோடு, என்னிடம் இருந்த கொஞ்சம், மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர் கொடுத்தது. எண்ணி 39,500 ரூபாய். கிளைக்குப் போனால் சீசிங் சார்ஜ் (வண்டியை எடுத்த செலவு), யார்டு வாடகை (எடுத்த வண்டியை நிறுத்தி வைக்கும் இடத்துக்கு) எல்லாம் சேர்த்துக் கட்டுங்கள் என்றார்கள். எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள் என்றதற்கு வாயால்தான் சொன்னார்கள், அதுவும் போனபோதெல்லாம் ஒவ்வொரு தொகை. அடுத்த வாரம் போனால் "ஃபைல் மேல போயிருச்சு, இனி ஃபுல் செட்டில்மெண்ட்தான்". மேலே என்றால் யார், எங்கே, எந்த நம்பர்? அது கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. கிளையில் இருந்த அந்தத் தம்பியை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவன் கையிலும் எதுவும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

இருபத்தைந்தாவது நாள் மாமாவைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே முள்வேலி போட்ட பொட்டல், உள்ளே நூறு வண்டிக்கு மேல் இருக்கும். ஆட்டோ, டிராக்டர், பைக், ஒரு ஸ்கூல் வேன்கூட நின்றது. பல வண்டிகளின் பின்னால் குழந்தைகளின் பெயர், குலசாமி பெயர், "அம்மாவின் ஆசி" என்றெல்லாம் கலர் கலராக எழுதியிருந்தது. எங்கள் வண்டி மூன்றாவது வரிசையில் நின்றது. பேட்டரி இல்லை. ஸ்டெப்னி இல்லை. முன் சக்கரம் ஒன்று காற்று இறங்கித் தரையோடு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஏறிப் பார்த்தேன். அன்றைக்குக் கொட்டிய தக்காளி பலகையிலேயே அழுகிக் காய்ந்து, நடுவில் பெய்த மழையில் விதை முளைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தக்காளி நாற்று மூலையெல்லாம் பச்சையாக நின்றது. மாமா ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அந்த வண்டியை நீங்கள் விற்றது எங்களுக்குத் தெரிந்தது விற்ற பிறகுதான். ஏலத் தேதி சொல்லிக் கடிதம் அனுப்பியதாகச் சொன்னீர்கள், அது மாமா எட்டு வருடம் முன்பு குடியிருந்த வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. டியூ கேட்டு ஆள் அனுப்பும்போது மட்டும் இப்போதைய வீடு சரியாகத் தெரிந்தது. விற்ற விலை 1,45,000 ரூபாய். அதே மாடல், அதே வருட வண்டி எங்கள் ஊர் புரோக்கரிடம் இரண்டரை லட்சத்துக்குக் குறையாமல் போகிறது.

கணக்கை நான் உட்கார்ந்து போட்டேன். மீதி 17 டியூ, 2,23,125 ரூபாய். இதில் மூன்றுதான் நின்றுபோனவை. மற்ற 14 இன்னும் வராத மாதங்களுக்கானவை, அந்த மாதங்களின் வட்டியே அதில் 18,000 ரூபாய்க்கு மேல் இருக்கிறது. கடனை இன்றைக்கே முடிக்கச் சொல்லிவிட்டு, வரப்போகிற மாதங்களுக்கான வட்டியையும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? அதன் மேல் செக் பவுன்ஸ், ஓவர்டியூ, சீசிங், யார்டு வாடகை என்று 37,875. ஆக மொத்தம் 2,61,000, விற்ற 1,45,000 போக மீதி 1,16,000 கட்டு என்று கடிதம். இரண்டரை லட்சத்துக்கு விற்றிருந்தால் மீதி 11,000. வராத மாதத்து வட்டியைக் கழித்திருந்தால் அதுகூடக் கிடையாது, மாமாவுக்கே ஏழாயிரம் ரூபாய் திருப்பித் தர வேண்டி வந்திருக்கும். 4,06,875 ரூபாய் கட்டிய மனிதர் இப்போது வண்டியும் இல்லாமல் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் கடன்காரர்.

அதுக்கு அப்புறம் வந்தது நடுவர் நோட்டீஸ், கோர்ட்டுக்கு வெளியே தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவரிடம் இருந்து. சென்னையில் ஏதோ ஒரு தெருவில் விசாரணை, இந்தத் தேதிக்கு வா என்று. நடுவரைப் போட்டதும் நிறுவனமேதான். வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரிந்து இதை எதிர்த்து ஒரு தாள் எழுதிப் போட்டவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஒரு நாள் சம்பளம் போய், ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் நிற்க யாரால் முடியும்? போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு, அப்புறம் ஜாமீன் போட்டவர் வீட்டுக்கு ஆள். மாமாவுக்கு ஜாமீன் போட்டது பக்கத்துத் தோட்டத்துக்காரர். முன்பெல்லாம் விடிந்தால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், இப்போது இவர் வெளியே வந்தால் அவர் உள்ளே போய்விடுகிறார்.

வண்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலை இந்தியாவுக்கே கற்றுக் கொடுத்தது நம் ஊர்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954ல் சென்னையில் தொடங்கியது. 1974ல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம், வங்கிகள் வாசலில்கூட நிற்கவிடாத லாரி டிரைவர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தே வளர்ந்தது. சொத்தும் சம்பளச் சீட்டும் இல்லாத ஆளையும் நம்பலாம், ஓடுகிற வண்டி கடனை அடைத்துவிடும் என்பதுதானே இந்தத் தொழிலின் அடிப்படை நம்பிக்கை? அதே நம்பிக்கையைத்தான் கேட்கிறேன். ஓடினால்தான் டியூ வரும். லோடு திரும்பி வந்த வாரத்தில் வண்டியை நிறுத்தினால் அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம். மூன்று மாதம் பொறுத்திருந்தால் மாமா மூன்று டியூவையும் பிரித்துக் கட்டி முடித்திருப்பார், நீங்கள் யார்டுக்கும் ஏஜென்டுக்கும் புரோக்கருக்கும் கொடுத்த பணம் மிச்சமாகியிருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். டியூ நின்றால் தமிழில் ஒரு கடிதம் போடுங்கள், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று பெயரும் நம்பரும் போட்டு. இப்போது குடியிருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள், வாட்ஸப்பிலும் அனுப்புங்கள், டியூ ஞாபகப்படுத்த மாதம் நாலு மெசேஜ் வருகிறதே, அதே நம்பருக்குத்தான். எடுத்தே ஆக வேண்டும் என்றால் பகலில், வீட்டு வாசலில், லோடு இல்லாதபோது, அடையாள அட்டை மாட்டிய ஆள் வந்து எடுக்கட்டும். பேட்டரி, ஸ்டெப்னி, டூல்ஸ், கிலோமீட்டர் எல்லாம் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொடுக்கட்டும். எடுத்த பிறகு முழுசாக முப்பது நாளாவது விற்காமல் வையுங்கள், அதற்குள் நின்ற டியூவை மட்டும் கட்டினால் வண்டியைக் கொடுத்துவிடுங்கள். விற்கிற தேதியைச் சொல்லுங்கள், அதைவிட நல்ல விலைக்கு அவரே ஆள் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த ஆளுக்கு விற்கட்டும். வராத மாதத்து வட்டியைக் கணக்கில் இருந்து எடுங்கள்.

தங்க நகைக்கு இதுபோல விதி வந்துவிட்டது, பார்த்தீர்களா? 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, அடகு நகையை ஏலம் விட்டால் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் அடிப்படை விலை வைக்க வேண்டும், கடன் போக மிஞ்சியதை ஏழு வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நகைக்கு முடியும் என்றால் வண்டிக்கும் முடியும். ரிசர்வ் வங்கி சொல்கிற வரைக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

மாமா இப்போது பழையபடி அடுத்தவர் வண்டிதான் ஓட்டுகிறார். அதே ரோடு, அதே தக்காளி, நாள் கூலி 700 ரூபாய். அந்த டீக்கடையில் மட்டும் நிறுத்துவதில்லை.

அவருடைய கடன் கணக்கின் முழு விவரமும், வண்டி எத்தனை பேர் கேட்டு எவ்வளவுக்கு யாருக்கு விற்றது என்ற ஏல விவரமும் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை மாமாவும் நானும் கிளைக்குக் கொண்டு வருகிறோம். அதை வாங்கிக்கொண்டு, நகலில் தேதி போட்டு முத்திரை குத்திக் கொடுக்கச் சொல்லி உங்கள் கிளைக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போவோம், அந்த மனுவும் தயாராகத்தான் இருக்கிறது. இதே மாதிரி இன்னும் பதினோரு பேரின் கவர் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, அவர்களும் ஒவ்வொருவராக வருவார்கள்.

இப்படிக்கு,
ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருந்து,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு பெண்